அச்சகத்தை உடைத்தார்கள், கணக்கை அழிக்க முடியவில்லை: ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர்

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஓர் உணவகத்தில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். உணவில் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை கலந்திருப்பதாக ஒரு கதை கிளம்பியது. சில மணி நேரத்தில் உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரமே திகன, தெல்தெனிய பகுதிகள் எரிந்தன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் பொய் ஓடிய வேகத்தில் உண்மை ஓடவில்லை.

அந்த நாட்களில் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு சமூகத்தின் மீது திரும்பத் திரும்ப ஒரே பொய் சுமத்தப்படும்போது, அதை ஆதாரத்தோடு உடைத்துக் காட்ட யார் முன்வருவார்? முன்வருபவரை யார் காப்பாற்றுவார்? விடை தேடி வாசித்துக்கொண்டு போனபோதுதான் ஐடா பி. வெல்ஸின் வாழ்க்கை எனக்கு அறிமுகமானது. அவர் முஸ்லிம் அல்ல, நமது நாட்டவரும் அல்ல. அவர் இறந்து 90 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இருந்தும் அவருடைய கதையை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐடா 1862 ஜூலை 16ஆம் திகதி அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஹொலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அடிமையாகவே பிறந்தார். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தந்தை தச்சுத் தொழிலாளி, தாய் சமையல் வேலை செய்பவர். யுத்தம் முடிந்து விடுதலை கிடைத்ததும் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாயையும் தந்தையையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் கொண்டுபோனது. அப்போது ஐடாவுக்கு 16 வயது. எஞ்சிய சகோதரர்களை ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க உறவினரும் ஊராரும் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தச் சிறுமி மறுத்துவிட்டார். ஒரு கிராமப் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்து குடும்பத்தைத் தானே சுமந்தார்.

பின்னர் டெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்கு வந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ரயிலில் பெண்களுக்கான முதல் வகுப்புப் பெட்டியில் டிக்கட் எடுத்து அமர்ந்திருந்தார். புகைபிடிப்பவர்களுக்கான பெட்டிக்குப் போகுமாறு கண்டக்டர் சொன்னார். ஐடா எழும்பவில்லை. கையைப் பிடித்து இழுத்தவரைக் கடித்துவிட்டார். ஆண்கள் மூவர் சேர்ந்துதான் அவரை வெளியே இழுக்க முடிந்தது. அவர் ரயில் கம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் 500 டொலர் நட்டஈடு வழங்கியது. 1887இல் மாநில உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து, வழக்குச் செலவையும் அவர் தலையிலேயே சுமத்தியது.

நீதிமன்றக் கதவு மூடப்பட்டபோது வேறொரு கதவு திறந்தது. இந்த வழக்கைப் பற்றி அவர் ஒரு தேவாலயப் பத்திரிகையில் எழுதினார். ஐயோலா என்ற புனைபெயரில் அவர் எழுதியவற்றைக் கறுப்பின மக்களின் பத்திரிகைகள் பல மறுபிரசுரம் செய்தன. 1889இல் மெம்பிஸில் வெளிவந்த ப்ரீ ஸ்பீச் என்ற பத்திரிகையில் மூன்றில் ஒரு பங்கை விலைக்கு வாங்கி அதன் ஆசிரியரானார். பேச்சுச் சுதந்திரம் என்பதே அந்தப் பத்திரிகையின் பெயர்.

அந்தப் பத்திரிகையைப் பற்றி ஒரு சின்ன விடயம் என் மனதில் நிற்கிறது. வாசகர்களில் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பத்திரிகை விற்கும் பையன்களில் சிலர் வேறு பத்திரிகையைக் கொடுத்து அவர்களை ஏமாற்றினார்கள். அதனால் ஐடா தன் பத்திரிகையை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டார். நிறத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு போய், தெரிந்தவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தன் வாசகரை இந்தளவுக்கு நினைத்துப் பார்த்த ஆசிரியர் அவர்.

அவர் எழுதியது வெள்ளையர்களின் அநியாயத்தைப் பற்றி மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தன் சமூகத்தைச் சேர்ந்த ஒரு போதகரின் ஒழுக்கக்கேட்டை அவரது பத்திரிகை வெளிப்படுத்தியது. நகரத்துப் போதகர்கள் ஒன்றுகூடி, பத்திரிகையைப் பகிஷ்கரிக்கப் போவதாக அச்சுறுத்தினார்கள். ஐடா பின்வாங்கவில்லை. அந்தப் போதகரைக் காப்பாற்ற முனைந்தவர்களின் பெயர்களையும் அச்சிட்டு, தீர்ப்பை மக்களிடமே விட்டார். 1891இல் கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலைகள் எவ்வளவு மோசமான நிலையில் இருக்கின்றன என்று எழுதினார். கல்விச் சபை அவரது ஆசிரியர் பதவியைப் புதுப்பிக்கவில்லை. சம்பளம் நின்றது. அவர் ஊர் ஊராகப் போய் சந்தா சேர்த்தார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் பொதுப் பணம் ஒன்றின் வரவு செலவு பற்றி எழுதிய ஒரு இளம் செய்தியாளரை எனக்குத் தெரியும். அவருடைய வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போட்டவர்கள் பேரினவாதிகள் அல்லர், அவர் பக்கத்தில் நின்று தொழுகிறவர்கள். கணக்கு சரியா பிழையா என்று எவரும் பேசவில்லை. சமூகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றுதான் பேசினார்கள். அவர் இப்போது எழுதுவதில்லை. அதே ஊருக்கு நாளை ஒரு பொய்யால் ஆபத்து வந்தால், ஆதாரம் திரட்டி எழுத யார் இருப்பார்?

1892 மார்ச் மாதம் ஐடாவின் வாழ்க்கையை மாற்றியது. அவருடைய நெருங்கிய நண்பர் தோமஸ் மொஸ் ஒரு தபால்காரர். அவரும் சில நண்பர்களும் சேர்ந்து மக்கள் கடை என்ற பொருளில் பெயரிட்டு ஒரு மளிகைக் கடை நடத்தினார்கள். மொஸின் மகளுக்கு ஐடா ஞானத்தாய். அதே பகுதியில் அதுவரை தனியாக வியாபாரம் செய்துவந்த வெள்ளையர் ஒருவரின் கடைக்கு இது போட்டியாக அமைந்தது. சிறுவர்கள் கோலி விளையாடியபோது ஏற்பட்ட ஒரு சண்டையில் பெரியவர்களும் இழுபட்டார்கள். ஓர் இரவு மக்கள் கடைக்குள் ஆயுதங்களோடு ஆட்கள் நுழைந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சுட்டதில் வெள்ளையர் மூவர் காயப்பட்டனர். கறுப்பினத்தவர் பலர் கைதானார்கள். மார்ச் 9ஆம் திகதி அதிகாலை முகமூடி அணிந்த கும்பல் சிறைக்குள் புகுந்து தோமஸ் மொஸ், கல்வின் மெக்டவல், வில் ஸ்டுவர்ட் ஆகிய மூவரையும் இழுத்துச் சென்று ரயில் பாதையோரம் சுட்டுக் கொன்றது. கொலை நடந்த விதத்தை நகரத்துப் பத்திரிகை நேரில் நின்று பார்த்ததுபோல விபரமாக வெளியிட்டது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

கும்பல் கொலைகள் அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்களில் வழமையாகிப் போயிருந்தன. கொல்லப்பட்டவர் வெள்ளைப் பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்தார் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஐடா பிற்காலத்தில் ஒரு விடயத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தானும் அதை நம்பியிருந்ததாகவும், சட்டத்துக்குப் புறம்பானது என்றாலும் அப்படிப்பட்ட குற்றவாளிக்கு அது தகுமோ என்று தானும் நினைத்திருந்ததாகவும் எழுதினார். ஆனால் மொஸ் மீது அப்படியொரு குற்றச்சாட்டு கிடையாது. அவர் செய்த குற்றம் நன்றாக வியாபாரம் செய்தது. அப்படியானால் மற்றவர்கள்?

அவர் தேட ஆரம்பித்தார். கும்பல் கொலை நடந்த இடங்களுக்கு நேரில் போனார், ஆட்களை விசாரித்தார், செய்திகளை ஒப்பிட்டார். சிறு குழந்தை கெடுக்கப்பட்டாள் என்று செய்தி பரவியிருந்த ஓர் ஊருக்குப் போய்ப் பார்த்தபோது, அந்தக் குழந்தை வளர்ந்த பெண்ணாக இருந்தாள். அவள் விரும்பியே பழகியிருந்த விடயம் தெரியவந்ததும் அது வல்லுறவாகச் சொல்லப்பட்டது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக உண்மைகள் வெளிவந்தன. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்தறியுமாறு சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்த வேலை நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதை ஐடாவின் அந்த மூன்று மாதங்களில் நான் கண்டேன்.

இதற்கிடையில் பாதுகாப்புத் தராத நகரத்தை விட்டு வெளியேறுமாறு அவர் தன் மக்களுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். எஞ்சியவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். கம்பனி அதிகாரிகள் ப்ரீ ஸ்பீச் அலுவலகத்துக்கே வந்து, மக்களை மீண்டும் ஏறச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். மக்கள் நம்புகிற ஒரு பத்திரிகைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று நகரம் புரிந்துகொண்டது. அதன் பிறகு ஆபத்து நெருங்கியது. ஐடா கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்.

1892 மே 21ஆம் திகதி ப்ரீ ஸ்பீச்சில் பெயர் குறிப்பிடாத ஒரு சிறிய ஆசிரியர் தலையங்கம் வந்தது. முன்னைய இதழுக்குப் பிறகு கொல்லப்பட்ட எட்டுப் பேரைக் கணக்கிட்டுச் சொல்லி, வல்லுறவு என்ற அந்தப் பழைய பொய்யை இனி எவரும் நம்பத் தயாரில்லை என்று அது கூறியது. நகரத்தின் வெள்ளையர் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. எழுதியவர் ஆண் என்று நினைத்து, அவரைப் பிடித்து உடலைச் சிதைக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகை பகிரங்கமாகவே எழுதியது. ஒரு பத்திரிகையாளரைக் கொல்லும்படி ஊரைத் தூண்டியது இன்னொரு பத்திரிகை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஊடகத்துக்கு வரும் ஆபத்து சிலவேளை ஊடகத்தின் உள்ளிருந்தே வருகிறது.

மே 27ஆம் திகதி கும்பல் ப்ரீ ஸ்பீச் அலுவலகத்துக்குள் புகுந்து அச்சு இயந்திரத்தையும் தளபாடங்களையும் உடைத்தது. மீண்டும் பத்திரிகை வெளியிட முனைபவர் கொல்லப்படுவார் என்று எச்சரிக்கை விட்டார்கள். பங்காளியான பிளெமிங் முன்னரே நகரை விட்டுத் தப்பியிருந்தார். ஐடா அப்போது பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்குப் போய், அங்கிருந்து நியூயோர்க் வந்துகொண்டிருந்தார். செய்தி அங்கேதான் கிடைத்தது. திரும்பி வந்தால் பார்த்த இடத்தில் கொல்வதற்கு ரயில் நிலையத்தில் ஆட்கள் காத்திருப்பதாக நண்பர்கள் அறிவித்தார்கள். தொழில், சேமிப்பு, வீடு எல்லாம் ஒரே நாளில் போயிற்று. அவருக்கு வயது 29.

அச்சுறுத்தல் வெற்றி பெறுவதற்கு இதுவே போதும். இன்னொரு கொலை தேவையில்லை. அது வெற்றி பெறாமல் போனதற்குக் காரணம் ஐடாவின் துணிச்சல் மட்டுமல்ல. நியூயோர்க்கில் ஏஜ் என்ற கறுப்பினப் பத்திரிகையை நடத்திய ரி. தோமஸ் போர்ச்சூன் அவருக்கு எழுத இடம் கொடுத்தார். கையில் எஞ்சியிருந்த சந்தாதாரர் பட்டியலுக்குப் பதிலாகப் பத்திரிகையில் நான்கில் ஒரு பங்கையும் கொடுத்தார். 1892 ஜூன் 25ஆம் திகதி ஐடாவின் நீண்ட கட்டுரை முதல் பக்கத்தில் வெளிவந்தது. பெயர், திகதி, இடம் எல்லாம் இருந்தன. 10,000 பிரதிகள் அச்சிட்டார்கள். அதில் ஆயிரம் மெம்பிஸிலேயே விற்றது. எந்த ஊரில் அவருடைய வாயை மூடினார்களோ, அந்த ஊருக்கே அவர் எழுத்து திரும்பி வந்தது.

அந்த வருடம் ஒக்டோபரில் நியூயோர்க்கையும் சுற்றுப்புற நகரங்களையும் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் 250 பேரளவில் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். தங்கள் உழைப்பிலிருந்து பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். பேனா வடிவத்தில் செய்த தங்க ஊசி ஒன்றை அணிவித்தார்கள். அந்தப் பணத்தில்தான் அவருடைய முதல் நூல் சிறு பிரசுரமாக வெளிவந்தது. முதுபெரும் தலைவர் பிரெட்ரிக் டக்ளஸ் அதற்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பத்திரிகைச் சுதந்திரத்தைப் பாதுகாப்பது என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு சம்பவங்களையும் சொல்வேன். ஒருவர் பக்கம் கொடுத்தார். 250 பேர் காசு கொடுத்தார்கள்.

ஐடாவின் வேலை முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பினப் பெண் ஒருத்தி சொல்வதை நாடு நம்பாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கொலைகளின் எண்ணிக்கையைத் தன் சமூகத்திடமிருந்து எடுக்கவில்லை. வெள்ளையர்கள் நடத்திய சிக்காகோ ட்ரிபியூன் வருடாவருடம் வெளியிட்ட பட்டியலிலிருந்து எடுத்தார். கொன்றவர்களின் பக்கத்துப் பத்திரிகைகள் தாமே எழுதிய செய்திகளையே சாட்சியாக்கினார். அந்தக் கணக்கின்படி, கொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மீதே வல்லுறவுக் குற்றச்சாட்டாவது இருந்தது. மற்றவர்கள் வாய்த்தர்க்கம், கடன், களவு, ஏன், எந்தக் காரணமும் இல்லாமல்கூடக் கொல்லப்பட்டிருந்தார்கள். 1895இல் வெளியிட்ட சிவப்புப் பதிவேடு என்ற பொருள்படும் நூலில் இந்தக் கணக்கை விரிவாகத் தந்தார். அதில் ஒப்பாரியைவிட அட்டவணைகள்தான் அதிகம். எதிரியால் மறுக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

1893இலும் 1894இலும் பிரித்தானியா சென்று ஊர் ஊராகப் பேசினார். மெம்பிஸின் பருத்தியை வாங்குபவர்கள் அங்கே இருந்தார்கள். வெளிநாட்டில் பெயர் கெடுவதை நகரத்து வியாபாரிகள் விரும்பவில்லை. ஐடாவைத் திட்டித் தீர்த்த நகரம், கும்பல் கொலையைக் கண்டிக்கவும் தொடங்கியது.

1895இல் சிக்காகோவில் பத்திரிகை நடத்திவந்த சட்டத்தரணி பெர்டினண்ட் பார்னட்டைத் திருமணம் செய்தார். நான்கு பிள்ளைகளைப் பெற்றார். கைக்குழந்தையோடு கூட்டங்களுக்குப் போனார். 1909இல் இலினோய் மாநிலத்தின் கெய்ரோ நகரில் கைதியைக் கும்பலிடம் பறிகொடுத்த ஷெரிப் மீண்டும் பதவிக்கு வர முயன்றபோது, ஐடா நேரில் போய் விசாரித்து ஆளுநர் முன் வாதிட்டார். அந்த ஷெரிப்புக்குப் பதவி மறுக்கப்பட்டது. 1919இல் ஆர்கன்சாஸில் நடந்த படுகொலைகளின் பின் கறுப்பின விவசாயிகள் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, தனக்கு மரணம் காத்திருந்த தென்பகுதிக்குள் மீண்டும் நுழைந்தார். உறவினர்போல வந்து சிறையில் அவர்களைச் சந்தித்து, கேட்டதை எழுதி வெளியிட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், இறுதியில் 12 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

1931 மார்ச் 25ஆம் திகதி சிக்காகோவில் அவர் காலமானார். எழுதிக்கொண்டிருந்த சுயசரிதை ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. அதை அவருடைய மகள் 1970இல்தான் வெளியிட முடிந்தது. 2020இல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புக் கௌரவம் வழங்கியது. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் தேசியச் சட்டம் அமெரிக்காவில் 2022இல்தான் நிறைவேறியது.

இதையெல்லாம் நான் எழுதுவது புகழ்மாலை சூட்டுவதற்காக அல்ல. நம் நாட்டில் 2006 மே மாதம் யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். 2009 ஜனவரி 8ஆம் திகதி லசந்த விக்கிரமதுங்க நடுவீதியில் கொல்லப்பட்டார். 2010 ஜனவரியில் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். அந்தக் குடும்பங்கள் இன்னும் நீதிக்காகக் காத்திருக்கின்றன. அவையெல்லாம் மற்றவர்களின் பிரச்சினை என்று அன்று நம்மில் பலர் ஒதுங்கி இருந்தோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அம்பாறையிலும் திகனயிலும் பொய்க்கு எதிராக ஆதாரம் தேடி எழுதக்கூடிய துணிச்சலானவர்கள் நமக்குத் தேவைப்பட்டபோதுதான், அத்தகையவர்கள் எத்தனை பேரை இந்த நாடு முன்னரே இழந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

ஆகவே நாம் செய்யக்கூடியவற்றை மூன்றாகச் சொல்கிறேன். வந்த செய்தியை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்போம். எந்த இனத்தைச் சேர்ந்த ஊடகவியலாளர் தாக்கப்பட்டாலும் நம் வீட்டில் நடந்ததுபோலக் குரல் கொடுப்போம். நமது குறையை நம்மவர் ஒருவர் எழுதினால், அவர் வாசலுக்குப் போகாமல், எழுதியது உண்மையா என்று பார்ப்போம். உண்மையானால் திருத்திக்கொள்வோம், பிழையானால் மறுப்பு எழுதுவோம்.

ப்ரீ ஸ்பீச் பத்திரிகையின் ஒரு பிரதிகூட இன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த இளஞ்சிவப்புத் தாள்கள் அனைத்தும் போய்விட்டன. அந்தத் தலையங்கம் நமக்குக் கிடைத்திருப்பது, வேறு பத்திரிகைகள் எடுத்து அச்சிட்டதாலும் ஐடா மீண்டும் எழுதியதாலும்தான். அந்தப் பெண்ணுக்கு ஒருவர் இடம் கொடுக்காமல், 250 பேர் கை கொடுக்காமல் இருந்திருந்தால், 1892 மே 27ஆம் திகதியோடு அவருடைய உண்மை முடிந்திருக்கும். நமது ஊரில் அடுத்த பொய் கிளம்பும்போது உண்மையை எழுத ஒருவர் வேண்டும் என்றால், அவரை இன்றிலிருந்தே நாம் பாதுகாக்க வேண்டும்.